தங்கபுஷ்பத்தின் நாலு நிமிஷம்

எனக்கு முதலில் கெடுதல் செய்தவன் அருணகிரி. என் பெண்டாட்டியின் உடன்பிறந்த தம்பி. அதற்குப் பிறகு இந்த ஊரில் எத்தனையோ பேர் செய்தார்கள், அதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. முதலில் செய்தவன் அவன். பெயரை மனசில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, நடுவில் யார் என்று கேட்கக் கூடாது.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். மாதத்தில் ஒருநாள் லைன் வேலை என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்துவார்கள். இரண்டு மணிக்குத்தான் வரும். நீங்கள் இன்றைக்கென்று பார்த்து வந்திருக்கிறீர்கள். பரவாயில்லை. மெஷின் ஓடுவதைக் கண்ணால் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போக வேண்டாம். ஆலங்குளம் பால்வண்ணம் ஓடாத சாமானைத் தலையில் கட்டிவிட்டான் என்று மதுரையில் ஒரு பேச்சு வரக் கூடாது.

அதோ, மேஜை மேல் துண்டு போட்டு மூடியிருக்கிறதே, அதுதான். சீடி காப்பி எடுக்கிற மெஷின். இடது பக்கம் வெறும் சீடிகளை அடுக்கிவிட வேண்டும். நடுவில் ஒரு கை இருக்கும். அது இறங்கி, சீடியின் நடு ஓட்டைக்குள் விரலை விடுகிற மாதிரி விட்டுத் தூக்கி, டிரைவில் வைக்கும். பதிந்து முடிந்ததும் எடுத்து வலது பக்கம் அடுக்கும். மனுஷன் பக்கத்தில் நிற்கவே வேண்டாம். கம்ப்யூட்டரோடு கேபிளில் சேர்த்துவிட்டால் போதும். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூட்டை மூட்டையாகப் பழைய சீடி வந்து கிடக்கிறது, எல்லாவற்றையும் படித்துப் போனில் ஏற்றிக் கொடுக்க வேண்டும், ஒவ்வொன்றாகக் கையால் போட்டு மாளவில்லை என்றுதானே சொன்னீர்கள். உங்களுக்கு வேண்டியது இந்தக் கைதான். நன்றாக வேலை செய்யும். கைமேல் எந்தக் குற்றமும் இல்லை. குற்றம் எல்லாம் அருணகிரி மேல்.

நான் மூன்றாம் கிளாஸ். அதை மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் பால்வண்ணம் சவுண்ட் சர்வீஸ் என்றால் இந்தப் பக்கம் முப்பது ஊருக்குத் தெரியும். கல்யாணம், கோயில் கொடை, கட்சிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் என் ஸ்பீக்கர் குழாய்தான் கட்டுவார்கள். அதைவிட, ஆட்டோ விளம்பரம். போலியோ சொட்டு மருந்து, ஜவுளிக்கடை திறப்பு, மாடு காணவில்லை, சாவு. ஆட்டோவில் மைக் கட்டித் தெருத் தெருவாக விட்டுவிடுவேன். அந்தக் குரல் முழுவதும் என் பெண்டாட்டி குரல். தங்கபுஷ்பம். பத்தாம் கிளாஸ் பாஸ். எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டைக் கையில் வாங்கி ஒருதடவை மனசுக்குள் படிப்பாள், அவ்வளவுதான். அவள் வாயால் ஒரு சாவைக் கேட்டால், செத்தவனுக்கே ஒரு மரியாதை வந்த மாதிரி இருக்கும். ‘அண்ணாச்சி, நான் செத்தா அக்கா குரல்லதான் போடணும்’ என்று டீக்கடை பிச்சையா உயிரோடு இருக்கும்போதே சொல்லி வைத்திருந்தான். அவன் இன்னும் இருக்கிறான். அவள்தான் போய்விட்டாள்.

அவள் போனபோது ஆட்டோ ஓடவில்லை. படிக்க யார் இருக்கிறார்கள்?

எப்படிப்பட்ட தொழில்காரி என்று ஒன்று சொல்கிறேன். அவள் அம்மா ஊத்துமலையில் இறந்தாள். காலை எட்டு மணிக்கு அருணகிரி வண்டியில் வந்து வாசலில் நிற்கிறான். ‘அக்கா, அம்மா போயிட்டா’ என்றான். இவள் அடுப்பில் இருந்ததை இறக்காமலேயே செருப்பை மாட்டுகிறாள். நான் சொன்னேன், ஆலங்குளத்தில் அவர்களுக்குச் சொந்தக்காரர்கள் நாற்பது வீடு இருக்கிறது, ஆட்டோ ஒன்பது மணிக்காவது கிளம்பினால்தான் எல்லோரும் போய்ச் சேர முடியும், படித்துக் கொடுத்துவிட்டுப் போ என்று. தப்பா? அவள் அம்மாவுக்குத்தானே செய்கிறேன்?

‘அத்தான், அவளால இப்ப எப்படிப் படிக்க முடியும்? நீங்க வேற யாரையாவது வச்சு…’ என்றான் அவன்.

‘வேற யாரு இருக்கா மாப்ளே? சொந்த மக இருக்கும்போது ஊரான் குரல்லயா உங்கம்மா சாவச் சொல்லணும்?’

அவள் உள்ளே போனாள். மெத்தையைச் சுவரில் சாத்தி வைத்த அறை, எதிரொலிக்காமல் இருக்க. முதல் டேக்கில் பெயர் வரும் இடத்தில் குரல் உடைந்துவிட்டது. இரண்டாவதில் மூக்கை உறிஞ்சினாள், அது அப்படியே விழுந்துவிட்டது. நான் மறுபடி எடுக்கச் சொன்னேன். மூன்றாவது டேக் கண்ணாடி மாதிரி வந்தது, தம்பி. கண்ணாடி மாதிரி. ஒரு அட்சரம் பிசகவில்லை. ஊரே கேட்டு அழுதது. அந்த டேக்கை நான் ரொம்ப நாள் வைத்திருந்தேன், புதிதாக வருகிற பார்ட்டிக்கு சாம்பிள் போட்டுக் காட்ட.

நாங்கள் ஊத்துமலை போய்ச் சேர்வதற்குள் பாடைத் தேர் தெருமுனை திரும்பிவிட்டது. பெண்பிள்ளைகள் அதற்குமேல் போக முடியாது. அவள் அங்கேயே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். அருணகிரி வந்து என்னைப் பார்த்தான் ஒரு பார்வை. அவன் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லி, ஒரு கால் மணி நேரம் நிறுத்தி வைத்திருக்கலாம் அல்லவா? செய்யவில்லை. அதுவும் அவன் மேல்தான் வரும்.

அதற்குப் பிறகும் அவள் எனக்குப் பதினெட்டு வருஷம் படித்துக் கொடுத்தாள். ஒரு நாள் முகம் கோணியது இல்லை. மனசில் ஒன்று இருந்தால் அப்படி இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

கேசட் போய் சீடி வந்ததும் அருணகிரிதான் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வீட்டில் வைத்தான். அவன் சங்கரன்கோவிலில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். ‘அக்கா இருந்த இடத்துலயே பதிஞ்சுக்கலாம்’ என்றான். அவள் இரண்டே நாளில் படித்துவிட்டாள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. அது அவள் சாமான். ரேஷன் கார்டு மாதிரி, அவள் வைத்திருப்பாள், எனக்கு எதற்கு?

பிறகு அவளுக்கு உடம்புக்கு வந்தது. மார்பில் கட்டி. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம் நான் ஒரு கொடைக்கு மைக் கட்டப் போயிருந்தேன், மூன்று நாள். அந்த மூன்று நாளும் அவள் தனியாக உட்கார்ந்து அம்மன் பாட்டாகப் பாடிப் பதிந்திருக்கிறாள். எழுபது நிமிஷம். ஒரே ஒரு சீடி போட்டு, மேலே பேனாவால் ‘அம்மன் பாட்டு’ என்று எழுதித் தம்பியிடம் கொடுத்திருக்கிறாள். என்னிடம் கொடுக்கவில்லை. தம்பியிடம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவன் அதைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான். ‘அத்தான், இதுல பதினோரு பாட்டு. பன்னெண்டாவதா உங்களுக்கு ரெண்டு வார்த்தை பேசியிருக்காளாம். நீங்க மட்டும் கேக்கணும்னு சொன்னா. என்னையும் கேக்க வேண்டாம்னா. நான் கேக்கல, காப்பியும் எடுக்கல.’

நான் பீரோவில் வைத்துப் பூட்டினேன். கேட்கவில்லை. வேலை இருந்தது. சீசன் நேரம். ஒரு வருஷமும் சீசனா என்று கேட்காதீர்கள். வேலை இருந்தது, அவ்வளவுதான்.

முதல் வருஷ திவசம் வந்தது. எவர்சில்வர் தட்டில் பெயர் வெட்டிக் கொடுப்பார்கள் அல்லவா, அதற்குப் பதிலாக அவள் பாட்டையே இருநூறு சீடி போட்டு, சாப்பிட வருகிறவர்கள் கையில் கொடுப்போம் என்று எனக்குத் தோன்றியது. ஊர் அவளை மறந்துவிடக் கூடாது. அருணகிரி சொன்னான், ‘நல்ல யோசனை அத்தான். திருநெல்வேலியில ஒரு ஸ்டுடியோக்காரன் இந்த மெஷினக் குடுக்கான். வாங்கிப் போட்டா அக்கா வேலையும் முடியும், பெறவு கொடைப் பாட்டு, கல்யாண சீடி எல்லாம் நம்மகிட்ட வரும்.’ வாங்கினேன். இதே மெஷின்தான்.

புதன்கிழமை வந்து மாட்டினான். மெஷினைக் கம்ப்யூட்டரோடு சேர்த்தால் கம்ப்யூட்டருக்கு அதைத் தெரியவே இல்லை. நாலு தடவை கேபிளைக் கழற்றி மாட்டினான். ‘இது பழைய விண்டோஸ் அத்தான், இதுக்குப் புதுசு போடணும். போட்டா உள்ள இருக்கதெல்லாம் அழிஞ்சிரும். இதுல வேணும்கது எதுவும் இருக்கா?’ என்று கேட்டான்.

‘அதுல என்னடே இருக்கு, தொடச்சுப் போடு’ என்றேன்.

பார்த்தீர்களா? அவனுக்குத் தெரியும், அவள் அதில்தான் பதிந்தாள் என்று. எனக்குத் தெரியுமா? நான் மூன்றாம் கிளாஸ். பதிந்தது சீடியில் போனபிறகும் உள்ளே இருக்கும் என்று நான் கண்டேனா? கேசட்டை எடுத்துவிட்டால் டேப் ரிக்கார்டருக்குள் என்ன இருக்கும்? அவன்தான் சொல்லியிருக்க வேண்டும். கேட்டானாம், நான் வேண்டாம் என்றேனாம். இதைத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். இதுதான் முதல் கெடுதல்.

புது விண்டோஸ் போட்டு, மெஷினோடு வந்த சீடியையும் போட்டு ஏற்றினான். ஏற்றும்போது ஒவ்வொரு பெட்டியாகத் திரையில் வந்தது. எல்லாம் இங்கிலீஷ். ‘இது என்னடே கேக்கு?’ என்றேன். ‘ஒண்ணுமில்ல அத்தான், சும்மா பயமுறுத்தும். பெட்டி வந்தா வலது கோடியில உள்ளத அமுக்கிட்டுப் போய்க்கிட்டே இருக்கணும்’ என்றான். வலது கோடி. நான் பிடித்துக்கொண்டேன். படிப்பு இல்லாதவனுக்கு இடம்தான் எழுத்து. பிறகு வெறும் சீடிகளை எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க விசிறி அடுக்கினான். ஒரு நாதஸ்வர சீடியை வைத்துப் பத்துக் காப்பி எடுத்தான். கை இறங்கியது, தூக்கியது, வைத்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் அப்பளம் காயப்போடுவாள், வெயில் மாற மாற ஒவ்வொன்றாக எடுத்து எடுத்து வைப்பாள். அதே மாதிரி.

‘மெயினான அக்கா சீடிய சனிக்கிழம நான் வந்து போடுதேன். அந்தப் பன்னெண்டாவத மட்டும் விட்டுட்டு, மத்ததப் போடணும். நீங்க தொடாதீங்க’ என்று சொல்லிவிட்டுப் போனான்.

நீங்க தொடாதீங்க! என் வீடு, என் மெஷின், என் பெண்டாட்டி. அவன் வந்துதான் பொத்தான் அமுக்க வேண்டுமா?

வெள்ளிக்கிழமை நல்ல நாள். குளித்து, மெஷினுக்கு விபூதி பூசி, சந்தனம் குங்குமம் வைத்தேன். கம்ப்யூட்டருக்கு, கீபோர்டுக்கு, எல்லாவற்றுக்கும். எலுமிச்சம்பழம் சுற்றினேன். சூடம் காட்டினேன். முப்பது வருஷமாக ஆம்பிளிஃபயருக்கு, குழாய்க்கு, ஆட்டோவுக்கு வைத்துவருகிறேன், எந்தச் சாமானும் என்னைக் கைவிட்டது இல்லை. கடைசியாகப் பீரோவைத் திறந்து அவள் சீடியை எடுத்தேன். ஒரு பக்கம் அவள் கையெழுத்து. அதில் சந்தனம் பட்டால் எழுத்து கலைந்துவிடும். திருப்பினேன். இந்தப் பக்கம் பளபளவென்று இருந்தது, என் முகம் அதில் தெரிந்தது. தங்கபுஷ்பம் விரலால் பொட்டு வைக்க மாட்டாள், தீக்குச்சி நுனியால்தான் வைப்பாள். நானும் ஒரு தீக்குச்சியை எடுத்தேன். மேல் ஓரமாக, நெற்றி இருக்கிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அங்கே சந்தனத்தில் ஒரு புள்ளி, அதன்மேல் குங்குமம். சின்னதாக, அவள் வைக்கிற அளவு. ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு மாதம் அவள் நெற்றி காலியாகவே இருந்தது. நான் ஒரு நாள்கூட வைத்துவிடவில்லை. அங்கே அதையெல்லாம் யார் நினைத்தார்கள்.

காய்ந்ததும் போட்டேன். திரையில் ஒரு கோடு நீண்டுகொண்டே போனது. முக்கால்வாசி தாண்டி, இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்கிற இடத்தில் நின்றது. ஒரு பெட்டி வந்தது. வலது கோடியை அமுக்கினேன். மறுபடி வந்தது. மறுபடி அமுக்கினேன். நாற்பது தடவை அமுக்கியிருப்பேன். சும்மா பயமுறுத்தும் என்று அவன்தானே சொன்னான்? அப்புறம் பெட்டி வருவது நின்றது. கை இறங்கியது.

வெள்ளி பகல், சனி பகல். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இருநூறு. ஒரு தடவையாவது ஒன்றைப் போட்டுக் கேட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். மெஷின் செய்வதை மனுஷன் எதற்குச் சரிபார்க்க வேண்டும்? சனிக்கிழமை அருணகிரி போன் செய்தான், கிளம்பவா என்று. ‘வேண்டாம், எல்லாம் முடிஞ்சுட்டு’ என்றேன். ‘கடைசி ஒண்ண விட்டுட்டீங்களா அத்தான்?’ என்றான். ‘எல்லாம் எனக்குத் தெரியும்’ என்று வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு. மல்லிகைப் பூ வைத்த அவள் போட்டோ போட்ட கவரில் போட்டு எல்லோருக்கும் கொடுத்தேன். பெண்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப் போனார்கள்.

திங்கட்கிழமை காலையில் பிச்சையா கடைக்கு டீ குடிக்கப் போகிறேன். கடையில் அவள் பாடிக்கொண்டிருக்கிறாள். பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நின்றேன். பாட்டு முடிந்தது. கொஞ்சம் சும்மா இருந்தது. அப்புறம் பேசினாள். பாட்டுக் குரல் இல்லை, விளம்பரக் குரலும் இல்லை. அடுப்படியில் பேசுவாளே, அந்தக் குரல்.

‘இந்தாங்க. நாந்தான். நேர்ல சொல்ல எனக்கு வாய் வரல, அதான் இதுல சொல்லுதேன். எங்கம்மா செத்த அன்னைக்கு நீங்க என்னைய…’

அதோடு சரி. அதற்குமேல் க்க, க்க, க்க என்று தறி ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். நடுநடுவே அவள் மூச்சு. ஒரு எழுத்து வரும், போய்விடும். ஒரு ‘தெ’, ஒரு ‘ம்மா’. நாலு நிமிஷம் அப்படியே ஓடியது. யாரும் எழுந்து நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை. கடைசியில் சத்தம் விட்டு, தெளிவாக, பக்கத்தில் நின்று சொல்கிற மாதிரி:

‘…அவ்வளவுதான். சாப்பிட்டுட்டுப் படுங்க.’

பிச்சையா என்னைப் பார்த்தான். எல்லோரும் பார்த்தார்கள். டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன். வருகிற வழியில் வலது பக்கம் ஒரு வீட்டில் க்க க்க. தள்ளி இன்னொரு வீட்டில் இரண்டாவது பாட்டு. தையல்கடையில் ‘எங்கம்மா செத்த அன்னைக்கு நீங்க என்னைய’. என்னைய என்ன? என்னைய என்ன செய்தேன் நான்? ஊர் முழுக்க அவள் பாதிப் பேச்சு. மீதியை ஆளாளுக்கு இட்டுக் கட்டினார்கள். அன்றைக்கு நான் அவளை அடித்தேன் என்று ஒரு தெரு. கதவைப் பூட்டி வைத்தேன் என்று ஒரு தெரு. ஒரு வெட்டிப்பயல் பஸ் ஸ்டாண்டில் வைத்து, ‘அண்ணாச்சி, சீடியில அக்கா ஏதோ கேக்காவ, ஒரு பதிலச் சொல்லிட்டுப் போங்க’ என்றான். எதிர்வீட்டு ராமலட்சுமி மட்டும் என் வாசலில் வந்து நின்று, ‘மூணு தடவ படிக்க வச்சீங்களே அண்ணாச்சி. நான் சன்னல்ல நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்’ என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு என்ன அர்த்தம்? மூன்றாவது டேக் எவ்வளவு நன்றாக வந்தது என்று அவளுக்கும் தெரியும்தானே.

வீடு வீடாகப் போய் சீடியைத் திருப்பிக் கேட்டேன். பாதிப் பேர் கொடுத்தார்கள். பாதிப் பேர் காணவில்லை என்றார்கள். காணவில்லை என்றவர்கள் வீட்டிலிருந்துதான் பிறகு சத்தம் வரும்.

செவ்வாய்க்கிழமை அருணகிரி வந்தான். கேள்விப்பட்டு வந்திருக்கிறான். முகமெல்லாம் கறுத்துப்போய், ‘மெயின் சீடி எங்க அத்தான்?’ என்றான். கொடுத்தேன். திருப்பிப் பார்த்தான். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

‘அத்தான், பளபளப்பான பக்கத்துலயா பொட்டு வச்சீங்க?’

‘பெறவு எதுல வைக்க? எழுத்து மேலயா?’

‘இந்தப் பக்கம்தான் எல்லாம் இருக்கு. பொட்டு இருக்க இடத்துலதான் அக்கா பேசுனது இருக்கு. பெட்டி வந்துச்சே, படிக்க முடியல, விட்டுட்டுப் போகவான்னுதான் கேட்டுருக்கும். நீங்க போ போன்னு அமுக்கியிருக்கீங்க.’ அவன் அழுதான். ‘ஈரப் பஞ்சால தொடச்சா வந்துரும் அத்தான். குடுங்க. இங்கயே உங்க முன்னால வச்சு தொடைக்கேன்.’

பார்த்தீர்களா எப்படித் திருப்புகிறான்? கம்ப்யூட்டரை அழித்தது அவன். வலது கோடியை அமுக்கு என்றது அவன். குற்றம் என் பொட்டு மேல்! சாமிக்கு வைக்கிற பொட்டு பாட்டை அழிக்குமா? அப்படியென்றால் மற்ற பதினோரு பாட்டும் எப்படிச் சுத்தமாக வந்தது? அதைக் கேட்டேன். ஏதோ உள்ளேயிருந்து வெளியே போகும், கடைசி வார்த்தைகள் ஓரத்தில் இருக்கும் என்றான். எனக்குப் புரிந்தது. அவன் கேட்டிருக்கிறான். முன்னாலேயே கேட்டு, அவன் அக்காள் என்னைப் பற்றி நல்லதாக ஏதோ சொல்லியிருக்கிறாள் என்று பொறுக்காமல், நடுவில் நாலு நிமிஷத்தை அறுத்துவிட்டான். வீடியோக்காரனுக்கு அறுக்கத் தெரியாதா?

சீடியை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். ‘வெளிய போடே’ என்றேன். வாசற்படியில் நின்றுகொண்டு, ‘அத்தான், அவ என்ன சொன்னாளோ அதக் கேட்டுருங்க. எனக்காக இல்ல, அவளுக்காக’ என்றான். நான் கதவைச் சாத்தினேன். பத்தொன்பது வருஷம் ஆகிறது.

இப்போது ஊரில் யாரும் சீடி போடுவதில்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். ஆனால் தம்பி, போன மாதம் ஊத்துமலை ரோட்டில் ஒரு வேலையாகப் பஸ்ஸில் போனேன், வழியில் பஸ் கொஞ்சம் நின்றது. காட்டில் குருவி விரட்டுவதற்குச் சோளத்துக்கு நடுவில் நூலில் சீடிகளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான் ஒருத்தன். ஒன்றில் மல்லிகைப் பூ வைத்த போட்டோக் கவர் கிழிந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. காற்றில் சுற்றுகிறது. வெயில் பட்டு என் முகத்தில் அடிக்கிறது, போகிறது, அடிக்கிறது, போகிறது. நான் சும்மா சொல்லவில்லை, அந்த க்க க்க சத்தம் கேட்டது. பஸ்ஸில் போகிற மற்றவர்களுக்குக் கேட்டதா என்று பார்த்தேன். யாரும் திரும்பவில்லை.

இருங்கள், காட்டுகிறேன். பீரோச் சாவி இடுப்பிலேயேதான் இருக்கும். இதோ. அவள் சேலைத் துண்டுதான் இது. பார்த்துப் பிரியுங்கள். விளிம்பைப் பிடியுங்கள், நடுவில் விரல் வைக்காதீர்கள். தெரிகிறதா? பொட்டு அப்படியே இருக்கிறது. குங்குமம் கறுத்துவிட்டது, ஆனால் உதிரவில்லை.

என்ன சொன்னீர்கள்? ஈரப் பஞ்சா?

நீங்களும் அதையே சொல்கிறீர்கள்.

அந்தப் பையிலிருந்து எதையும் எடுக்க வேண்டாம், தம்பி. கொடுங்கள் இப்படி. பரவாயில்லை, உங்கள் தொழில் அது, கை தன்னால் போகிறது. ஆனால் வேண்டாம். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? அவள் சொல்லி முடித்ததுதானே. சொல்லி முடித்துவிட்டு, சாப்பிட்டுட்டுப் படுங்க என்றாள். கோபமாக இருப்பவள் அப்படிச் சொல்வாளா? சொல்லுங்கள். நீங்கள் நாலு விஷயம் தெரிந்தவர். எத்தனையோ வீட்டு சீடியைக் கேட்டிருப்பீர்கள். மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு ஒருத்தி கடைசியில் அப்படிச் சொல்வாளா?

பையை ஏன் இழுத்து மூடுகிறீர்கள்?

சரி, ஒன்று கேட்கிறேன். இந்த மெஷின் என்னிடம் இருக்கிறது என்று உங்களுக்கு யார் சொன்னது? நான் யாரிடமும் விற்கிறேன் என்று சொல்லவில்லையே.

ம். நினைத்தேன்.

சங்கரன்கோவிலில் இன்னும் கடை வைத்திருக்கிறானா. தலை நரைத்துவிட்டதா. இருக்கும், அவனுக்கும் அறுபது ஆகிறது. பஞ்சையும் அவன்தான் கொடுத்துவிட்டானா? இல்லை, உங்களுடையதா. சரி. ஆளை அனுப்புகிறான் பாருங்கள். அவன் வந்து அந்த வாசற்படியில் நின்று, நான்தான் அழித்தேன் அத்தான், உங்கள் மேல் ஒன்றும் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்கு மனசு வரவில்லை. ஆளை அனுப்புகிறான்.

இதோ, கரண்ட் வந்துவிட்டது. ஃபேன் சுற்றுகிறது பாருங்கள். துண்டை எடுங்கள். எடுத்துவிட்டுச் சும்மா பாருங்கள். நான் இதைப் பிளக்கிலிருந்து கழற்றியதே இல்லை. கரண்ட் போய்ப் போய் வரும்போதெல்லாம் தானாக எழுந்துகொள்ளும். பாருங்கள், கை மேலே போகிறது. இடது பக்கம் திரும்புகிறது. இறங்குகிறது. எடுக்க ஒன்றும் இல்லை. மேலே போகிறது. மறுபடி இறங்கும். அதற்குத் தெரியாது. மூன்று தடவை தேடிவிட்டுத்தான் நிற்கும். பத்தொன்பது வருஷமாக இப்படித்தான். வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நன்றாகத்தானே ஓடுகிறது? கொண்டுபோங்கள். கேபிள் அந்த டப்பாவில் இருக்கிறது. சாய்த்துப் பிடிக்காதீர்கள், கை ஆடிவிடும்.

சீடி இங்கேயே இருக்கட்டும். நான் பூட்டிவிட்டேன்.

சங்கரன்கோவில் வழியாகத்தானே போவீர்கள். அவனிடம் சொல்லுங்கள், பொட்டு அப்படியே இருக்கிறது, யாரும் தொடவில்லை என்று. நாலு நிமிஷம் அவன் எனக்குத் தர வேண்டியிருக்கிறது. பால்வண்ணம் மறக்கவில்லை என்று சொல்லுங்கள்.